செங்கழுநீரிலிருந்து வெங்காயத்தாமரை வரை: செங்கல்பட்டு ஏரிகளின் வண்டலும் நீர்த்தாவரங்களும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஏரி மாவட்டம் எனப் பெயர்பெற்ற செங்கல்பட்டுப் பகுதியின் ஏரிகள் பலவற்றை இன்று வெங்காயத்தாமரை மூடிக் கிடக்கிறது. அதனை அகற்ற ஆண்டுதோறும் பொருள் செலவிடப்படினும் அடுத்த மழைக்குப் பின் அது மீண்டும் தழைக்கிறது. களையை மட்டும் காணும் பார்வை அக்களைக்கு உணவாகும் வண்டலைக் காணத் தவறுவதே இதற்கு முதன்மையான காரணம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். பல்லவர் காலம் முதல் இன்றுவரை இப்பகுதியில் ஏரி வண்டல் எவ்வாறு கையாளப்பட்டது, அந்த வழக்கம் எப்போது, ஏன் தளர்ந்தது, அதனால் நீர்த்தாவரங்களின் இயல்பு எவ்வாறு மாறியது என்பவற்றை, நீர்நிலை அறிவியலின் முடிவுகளோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. தூர் வாருதல் கொள்ளளவைப் பெருக்கும் பணி மட்டுமன்று. ஏரியில் சேர்ந்த சத்துகளை மீண்டும் வயலுக்குக் கொண்டுசேர்க்கும் பணியுமாகும் என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: செங்கல்பட்டு, ஏரி வாரியம், வண்டல், தூர் வாருதல், குடிமராமத்து, வெங்காயத்தாமரை, வேடந்தாங்கல்.

1. முன்னுரை

தமிழக நீர்ப்பாசன வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் நீரைப் பற்றியே எழுதினர். ஏரியை வெட்டியவர் யார், மதகு அமைத்தவர் யார், எத்தனை வேலி நிலம் பாய்ந்தது என்பனவே வினாக்களாக இருந்தன. நீரோடு சேர்ந்து ஏரிக்குள் வந்து படியும் மண், அம்மண்ணில் அடங்கிய சத்து, அச்சத்தை உண்டு வளரும் செடி ஆகியவை வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிட்டன. ஆனால் ஓர் ஏரியின் ஆயுளைத் தீர்மானிப்பது வரும் நீரின் அளவு மட்டுமன்று; வெளியேறாமல் தங்கும் மண்ணின் அளவும் ஆகும்.

செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. இக்கட்டுரை ‘செங்கல்பட்டுப் பகுதி’ எனக் குறிப்பது அதற்கு முந்தைய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை. எனவே இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் அடங்கும் உத்திரமேரூரும் இதனுள் அடங்கும். பாலாறு நீங்கலாகப் பெரிய ஆறுகள் இல்லாத இந்நிலப்பரப்பில், வடகிழக்குப் பருவமழையின் சில வாரப் பெருக்கைத் தேக்கிவைத்தாலன்றி நெல் விளையாது. ஆகவே ஏரிகள் இங்கு வாழ்வின் அடிப்படை. அவற்றின் தரையில் என்ன நேர்கிறது என்பது வெறும் தாவரவியல் வினாவன்று.

2. பெயர்களில் படிந்த தாவரங்கள்

செங்கல்பட்டு என்னும் ஊர்ப்பெயர் ‘செங்கழுநீர்ப்பட்டு’ என்பதன் திரிபு எனக் கூறுவது மரபு. செங்கழுநீர் மலர்ந்த நீர்நிலைகளால் பெற்ற பெயர் என்பது இதன் பொருள். ஒரு மாவட்டமே நீர்த்தாவரம் ஒன்றின் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பது கவனிக்கத்தக்கது. மாமல்லபுரத்துத் தலசயனப் பெருமாள் கோயிலின் தீர்த்தம் புண்டரீக புஷ்கரணி எனப்படும். புண்டரீகர் என்னும் முனிவர் தாமரை மலர்களைப் பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமாளுக்குச் சாத்த விரும்பிக் கடல்நீரைக் கையால் இறைக்க முயன்றார் என்பது அக்கோயிலின் தலவரலாறு. நன்னீரில் பூக்கும் தாமரையும் உவர்க் கடலும் எதிரெதிராக நிற்கும் இக்கதை, கடற்கரை ஊரின் நிலவியல் உண்மை ஒன்றையும் உள்ளடக்கியிருக்கிறது. அதனைப் பின்னர்க் காண்போம்.

பழந்தமிழர் அறிந்த அல்லி, ஆம்பல், நெய்தல், கொட்டி, தாமரை ஆகியவை யாவும் சேற்றில் வேரூன்றியவை. கோடையில் நீர் வற்றும்போது இலைகள் மடிந்தாலும் கிழங்கும் விதையும் மண்ணில் தங்கி, அடுத்த நீருக்குத் தளிர்க்கும். நிரம்பி, வற்றி, மீண்டும் நிரம்பும் ஏரியின் இயல்புக்கு இசைந்த வாழ்க்கை இவற்றுடையது. இன்று ஏரிகளை மூடியிருக்கும் செடியோ மண்ணில் வேரூன்றாது மிதப்பது. அதற்கு மக்கள் வழங்கும் பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. சித்த மருத்துவ நூல்களில் ஆகாயத்தாமரை எனப்படுவது பிஸ்டியா என்னும் வேறொரு மிதவைச் செடி. தென் அமெரிக்காவின் அமேசான் படுகையிலிருந்து வந்த ஐகோர்னியா என்னும் புதிய செடிக்கும் நாளடைவில் மக்கள் அதே பெயரை வழங்கினர். காம்பு வெங்காயம்போல் புடைத்திருப்பதால் வெங்காயத்தாமரை என்றும் அது அழைக்கப்படுகிறது. குழப்பம் தவிர்க்க இக்கட்டுரை இப்பெயரையே ஆள்கிறது. வேரூன்றிய செங்கழுநீரிலிருந்து மிதக்கும் வெங்காயத்தாமரைக்கு நேர்ந்த மாற்றத்தை விளக்க ஏரித்தரையின் வரலாறு தேவை.

3. வண்டலும் செடியும்: அறிவியல் அடிப்படை

நீர்த்தாவரங்களுக்கான தழைச்சத்தும் மணிச்சத்தும் இரு இடங்களிலிருந்து கிடைக்கின்றன. ஒன்று நீர், மற்றொன்று தரைப்படிவு. வேரூன்றிய தாவரங்கள் மணிச்சத்தைப் பெரும்பாலும் தரைப்படிவிலிருந்தே வேர்வழி உறிஞ்சுகின்றன என்பதைக் காரிஞான், கால்ஃப் ஆகிய இருவரும் 1980-இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. பார்கோ, ஸ்மார்ட் ஆகியோரின் 1986-ஆம் ஆண்டு ஆய்வு மேலும் ஒன்றைக் காட்டியது. சத்துக் குறைந்த வெறும் மணலிலும் கரிமப்பொருள் மிகுந்த தளர்ந்த சேற்றிலும் வேரூன்றிய செடிகள் குன்றுகின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட வண்டலில்தான் அவை செழிக்கின்றன. ஆகவே சேறு கூடக்கூட எல்லாச் செடியும் பெருகும் எனக் கொள்ளுதல் தவறு. சேறு ஓரளவைக் கடந்ததும் வேரூன்றுவன பின்வாங்க, மிதப்பன முன்வருகின்றன.

மிதக்கும் வெங்காயத்தாமரை சத்தை நீரிலிருந்து எடுக்கிறது. அப்படியாயின் தரைப்படிவுக்கும் அதற்கும் தொடர்பு என்ன? இதற்கு விடை இங்கிலாந்தின் ஏரிகளில் மார்ட்டிமர் செய்து 1941, 1942 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. உயிர்வளி உள்ளவரை, சேற்றின் மேற்பரப்பிலுள்ள இரும்புச் சேர்மங்கள் மணிச்சத்தைப் பற்றி வைத்திருக்கும். உயிர்வளி தீர்ந்ததும் இரும்பு கரையும் நிலைக்கு மாறுகிறது. அதனுடன் கட்டுண்ட மணிச்சத்தும் விடுபட்டு மேலே உள்ள நீரில் கலக்கிறது.

வெங்காயத்தாமரை நீர்ப்பரப்பைப் போர்வைபோல் மூடும்போது, காற்று நீரில் கலப்பது குறைகிறது. வெளிச்சம் புகாததால் அடியிலுள்ள பாசிகளும் செடிகளும் உயிர்வளி வெளியிடுவதும் நின்றுபோகிறது. மடிந்த இலைகள் கீழே விழுந்து அழுகி, எஞ்சிய உயிர்வளியையும் தீர்க்கின்றன. சேறு தன் சத்தை விடுவிக்கிறது. அச்சத்தை மேலே மிதக்கும் செடியே உண்கிறது. தன் உணவைத் தானே அடியிலிருந்து வெளிக்கொணரும் சுழற்சி இது. வெளியிலிருந்து வரும் கழிவுநீரை நிறுத்திய பின்னரும் சில ஏரிகள் பல ஆண்டுகள் தெளியாமல் இருப்பதற்கு இச்சுழற்சியே காரணம்.

இதன் அளவை உணர ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு உதவும். சத்து மிகுந்த ஏரியில் ஒரு ஹெக்டேர் பரப்பில் 300 டன் பச்சைக் களை இருப்பதாகக் கொள்வோம். அதில் 95 விழுக்காடு நீர். உலர்ந்த எடை 15 டன். உலர் எடையில் மணிச்சத்து 0.3 முதல் 0.5 விழுக்காடு எனின், முழுவதையும் வாரி வெளியேற்றினாலும் அகல்வது 45 முதல் 75 கிலோ. அதே ஒரு ஹெக்டேரில் சேற்றின் மேல் 10 சென்டிமீட்டர் அடுக்கு ஏறத்தாழ 1,000 டன் உலர்மண். ஒரு கிலோ மண்ணில் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை மணிச்சத்து எனக் கொண்டால், அங்கு இருப்பது 500 முதல் 1,000 கிலோ. அதில் ஒரு பகுதி மட்டுமே எளிதில் விடுபடக்கூடியது என்றாலும், களையை அகற்றுவது கிடங்கின் சிறுபங்கையே அகற்றுகிறது என்பது தெளிவு. இவை பொது அளவுகளைக் கொண்ட கணக்கேயன்றிக் குறிப்பிட்ட ஓர் ஏரியின் அளவீடு அல்ல. ஆயினும் வரலாற்றை வாசிக்க இவ்வேறுபாடு போதுமானது.

4. ஏரி வாரியமும் மண் வாருதலும்

இக்கணக்கை அறியாமலே, அதற்கு இசைந்த ஏற்பாட்டை இப்பகுதி ஒரு காலத்தில் கொண்டிருந்தது. பல்லவர் காலத்தில் தொண்டைநாட்டில் பேரேரிகள் எழுந்தன. மாமண்டூரின் சித்திரமேகத் தடாகமும், பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வழி நீர் பெற்ற கூரத்துப் பரமேசுவரத் தடாகமும், உத்திரமேரூரின் வயிரமேகத் தடாகமும் அவற்றுள் சில. இவற்றை வெட்டியது அரசின் பெருமையாயினும், காத்தது ஊரின் கடமையாக இருந்தது.

முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த, கி.பி. 919, 921 எனக் கணிக்கப்படும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பெரிதும் பேசப்படுபவை. அவற்றில் சம்வத்சர வாரியத்துக்கு 12 பேரும் தோட்ட வாரியத்துக்கு 12 பேரும் ஏரி வாரியத்துக்கு 6 பேரும் தெரிந்தெடுக்கப்பட்டனர். பதவிக்காலம் 360 நாள். தேர்தல் முறையின் சிறப்பில் மூழ்கிய நாம், ஏரிக்கென ஆண்டுதோறும் மாறும் தனி வாரியம் தேவைப்பட்டது ஏன் என்று கேட்க மறந்தோம். மழைக்காலத்தில் கரை காத்தல், பயிர்க்காலத்தில் நீர் பகிர்தல், கோடையில் மண் வாருதல் எனப் பணி ஆண்டு முழுவதும் இருந்தது. ஏரிக்கென விடப்பட்ட ஏரிப்பட்டி என்னும் நிலமும் ஏரி ஆயம் என்னும் வரியும் இப்பணியின் பொருளாதார அடித்தளம். நீர் நிற்கும் காலத்தில் ஓடங்களைக் கொண்டு மண் வாரிக் கரையில் இடுவதற்கான கொடைகளும் தொண்டைநாட்டுக் கல்வெட்டுகளில் இடம்பெறுகின்றன.

வாரிய மண் இருவகையாகப் பயன்பட்டது. கெட்டியான மண் கரையை உயர்த்தியது. மேலடுக்கின் நுண்வண்டல் மாட்டுவண்டிகளில் வயலுக்குச் சென்றது. வண்டல் அடித்தல் என்னும் இவ்வேளாண் வழக்கம், முந்தைய மழையில் நிலத்திலிருந்து அரித்துச் சென்ற மண்ணையும் எருவையும் மீண்டும் நிலத்துக்கே திருப்பியது. ஏரியின் பார்வையில் இது சத்தை வெளியேற்றும் செயல். வயலின் பார்வையில் சத்தைச் சேர்க்கும் செயல். கோடையில் ஏரி வற்றியதும் இதற்குத் துணைநின்றது. வெடித்துக் காய்ந்த சேற்றில் காற்றுப் புகுந்து கரிமப்பொருள் சிதைந்தது. மிதக்கும் செடிகள் தங்க இடமின்றிப் போயிற்று. களைக்கட்டுப்பாடு என்னும் தனி நோக்கம் எவருக்கும் இருந்திருக்கவேண்டியதில்லை. வேறு தேவைகளுக்காகச் செய்த பணியின் உடன்விளைவாக அது கிட்டியது.

5. வேடந்தாங்கல்: நீரில் சேரும் எரு

நீரின் சத்தை மக்கள் அறிந்தே போற்றினர் என்பதற்கு மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள வேடந்தாங்கல் சான்று. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள இச்சிறு ஏரியின் கடம்ப மரங்களில் கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம் முதலிய பறவைகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் நீரில் கலக்க, அந்நீர் பாயும் வயலுக்கு உரம் குறைவாகவே தேவைப்படும் என்பது அவ்வூர் உழவர் தலைமுறைகளாகக் கண்ட உண்மை. பறவைகளைச் சுட்ட வெள்ளையர்மீது முறையிட்ட ஊராரின் உரிமையை ஏற்று, 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களுக்குக் கவுல் வழங்கினார் என்பர். 1936-இல் இது பறவைகள் காப்பிடமாக ஏற்கப்பட்டது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சுற்றுவட்டார நீர்நிலைகளிலும் வயல்களிலும் இரைதேடும் பறவைகள், அங்கிருந்த சத்தை இவ்வேரியில் குவிக்கின்றன. அச்சத்து மதகுவழியே வயலுக்குச் செல்லும்வரை அது எரு. ஏரியிலேயே தேங்கினால் அது களைக்கும் பாசிக்கும் உணவு. சத்து நன்மையா தீமையா என்பதைத் தீர்மானிப்பது அதன் இருப்பன்று, அதன் ஓட்டம். வேடந்தாங்கல் கற்பிக்கும் இவ்வுண்மை மற்ற ஏரிகளுக்கும் பொருந்தும்.

6. கும்பினி ஆட்சியும் கணக்கில் வராத வண்டலும்

1763-இல் ஆர்க்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கும்பினிக்கு வழங்கிய ஜாகீரே பின்னர்ச் செங்கல்பட்டு மாவட்டமாயிற்று. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு மேற்கொண்ட அளவை, ஏறத்தாழ 2,000 ஊர்களின் நிலம், நீர்நிலை, விளைச்சற் பங்கீடு ஆகியவற்றைப் பதிவு செய்தது. கோயிலுக்கும் தச்சருக்கும் கணக்குப்பிள்ளைக்கும் ஒதுக்கியதுபோலவே நீர்நிலைப் பராமரிப்புக்கும் விளைச்சலில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதை இத்தகைய ஆவணங்கள் காட்டுகின்றன. வரி கணிக்கப்படும் முன்னரே களத்துமேட்டில் ஏரியின் பங்கு எடுக்கப்பட்டது என்பது இதன் சிறப்பு.

இடைக்காலப் போர்களில், குறிப்பாக 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பில், இப்பகுதி பாழ்பட்டது. 1794 முதல் 1798 வரை ஜாகீரின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் சீர்செய்வதில் முனைந்தார். மதுராந்தகம் ஏரிக்கரையைக் காத்தவர்கள் இராமனும் இலக்குவனுமே எனக் கண்டு அவர் கோயில் திருப்பணி செய்த கதையும், ஏரிகாத்த இராமர் என்னும் பெயரும் இன்றும் வழங்குகின்றன. அக்கதையில் நாம் காணவேண்டியது இது: புதிய ஆட்சியின் கண்ணுக்கு ஏரியின் இடர் கரையில்தான் இருந்தது. கரை உடைவது ஓர் இரவின் பேரிடர். தூர் சேர்வது நூறாண்டின் மெல்லிய நோய். முன்னது அறிக்கையில் ஏறியது, பின்னது ஏறவில்லை.

19-ஆம் நூற்றாண்டில் இப்போக்கு நிலைபெற்றது. ஏரியின் பங்காக ஊரில் தங்கிய வருவாய் அரசு வரியில் கரைந்தது. பணி மட்டும் ஊரின்மீது நின்றது. 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், குடிமராமத்துக்கு வராதவரிடம் தண்டம் வசூலிக்க வழிசெய்தது. வழக்கத்தைத் தாங்கிய பொருளை எடுத்துக்கொண்டு, வழக்கத்தைச் சட்டத்தால் நிறுத்த முயன்றது அது. 1883-இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டம் கரை, கலங்கல், மதகு ஆகியவற்றின் அளவுகளை வரையறுத்து ஆவணப்படுத்தியது. வண்டலை வாருவதைவிடக் கரையையும் கலங்கலையும் உயர்த்துவதே மலிவு என்னும் பொறியியல் கணக்கு ஓங்கியது. ஒரு கன அடி மண்ணை அகற்றக் கூலி என்ன, அதனால் கூடும் நீருக்கு வரி என்ன என்பதே அக்கணக்கு. அம்மண்ணின் எருமதிப்பு அதில் இல்லை; அதை ஏரியிலேயே விட்டால் என்ன வளரும் என்னும் வினாவும் இல்லை.

7. மண் சுமந்தவர்கள்

இவ்வரலாற்றைப் பொற்காலமும் வீழ்ச்சியுமாக எழுதுவது எளிது, ஆனால் நேர்மையன்று. குடிமராமத்து என்பதே காலனியாட்சி தன் தேவைக்கேற்பக் கட்டமைத்த ஒரு மரபு என டேவிட் மோஸ் தம் 2003-ஆம் ஆண்டு நூலில் வாதிடுகிறார். செங்கல்பட்டின் மிராசு உறவுகளை ஆராய்ந்த யூஜின் இர்ஷிக், பழமை பற்றிய பதிவுகளே ஆட்சியாளரும் உள்ளூராரும் சேர்ந்து உருவாக்கியவை என 1994-இல் காட்டினார். உத்திரமேரூர் வாரியத்தில் அமர நிலவுடைமை வேண்டும். ஏரியினுள் இறங்கிக் கூடை சுமக்க அது வேண்டியதில்லை.

செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891-இல் இம்மாவட்டத்துப் பறையர் நிலைபற்றி எழுதிய குறிப்பு, மிராசுதாரர்களின்கீழ் நிலமின்றியும் குடியிருக்கும் மனைக்கும் உரிமையின்றியும் உழைத்தோரின் வாழ்வைப் பதிவு செய்தது. 1892-இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணைக்கு அதுவே தூண்டுகோல். ஏரியில் மண் வெட்டிய கைகள் பெரும்பாலும் இம்மக்களுடையவை எனக் கருத இடமுண்டு. அவர்கள் சுமந்த வண்டல் பிறர் வயலை வளப்படுத்தியது. சத்தின் சுழற்சி இயற்கையளவில் நிறைவுற்றதாக இருந்தாலும், சமூக அளவில் அது ஒருபக்கமாகவே சுழன்றது. ஆகவே 20-ஆம் நூற்றாண்டில் இப்பணி கைவிடப்பட்டதற்கு ஆட்சியின் புறக்கணிப்பு மட்டும் காரணமன்று. கட்டாய உழைப்பிலிருந்து மனிதர் விடுபட்டதும் ஒரு காரணம். அவ்விடுதலையை இழப்பாகக் கருதுவதற்கில்லை. அவ்வுழைப்பின் இடத்தை உரிய கூலியுடன் நிரப்ப எவரும் முன்வராததே இழப்பு.

8. களையும் சட்டமும் வண்டும்

ஏரித்தரையில் சத்து குவிந்துகொண்டிருந்த காலத்திலேயே புதிய களையும் வந்து சேர்ந்தது. அழகிய ஊதாப்பூவுக்காக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்கத்துக்கு வந்த வெங்காயத்தாமரை, விரைவில் ஆறுகளையும் குளங்களையும் அடைத்தது. இலங்கை 1909-இலேயே இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. வங்கம் 1936-இல் இயற்றியது. சென்னை மாகாணத்தின் 1919-ஆம் ஆண்டு வேளாண் பூச்சி, நோய்ச் சட்டம் தீங்கு தரும் களைகளையும் தன் வரம்பில் கொண்டது. இச்சட்டங்கள் செடியைக் குற்றவாளியாகவும் அது வளரும் நிலத்துக்கு உரியவரைப் பொறுப்பாளியாகவும் கண்டன. செடி தழைக்கக் காரணமான சத்துச்சூழல் அவற்றின் பார்வையில் படவில்லை.

1980-களின் தொடக்கத்தில் பெங்களூரின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் நியோகெட்டினா என்னும் கூன்வண்டு இனங்களை வரவழைத்து ஏரிகளில் விட்டது. பெங்களூரைச் சூழ்ந்த சில ஏரிகளில் அது நல்ல பயன் தந்தது. ஆயினும் இரு வரம்புகள் உள. வண்டின் கூட்டுப்புழு நீரிலுள்ள வேரில் தங்கி வளர்வதால், கோடையில் முற்றும் வற்றும் ஏரியில் அதன் தலைமுறை அறுபடுகிறது. ஆனால் செடியின் விதையோ சேற்றில் பல ஆண்டுகள் உயிர்தாங்கிக் கிடந்து, நீர் வந்ததும் முளைக்கிறது. இரண்டாவது, சத்து மிகுந்த நீரில் வண்டு தின்னும் வேகத்தைச் செடி வளரும் வேகம் மிஞ்சுகிறது. வண்டாயினும் எந்திரமாயினும் வெற்றியின் எல்லையை வரையறுப்பது நீரிலும் சேற்றிலும் உள்ள சத்தே.

இதே காலத்தில் ஏரியின் ஆண்டுச் சுழற்சியும் மாறியது. செயற்கை உரம் வந்தபின் வண்டலின் தேவை குறைந்தது. வயலிலிருந்து வடிந்த உரம் கீழேரிக்குச் சென்றது. நகர்களை ஒட்டிய ஏரிகளில் கழிவுநீர் ஆண்டு முழுவதும் பாய்ந்தது. செங்கல்பட்டு நகரின் கொளவாய் ஏரி இதற்கு எடுத்துக்காட்டு. கோடையிலும் வற்றாத ஏரி எனப் புகழப்படும் அதில், வற்றாமையே சேறு காய்ந்து உயிர்வளி பெறும் வாய்ப்பைப் பறித்தது.

9. கடற்கரை: உப்பின் எல்லை

செங்கல்பட்டிலிருந்து கிழக்கே செல்லச்செல்லக் காட்சி மாறுகிறது. மாமல்லபுரத்துக்குப் பின்புறம் கடலுக்கு இணையாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாயிலும், வடக்கே முட்டுக்காட்டு உப்பங்கழியிலும் கடல்நீர் ஏறும் காலத்தில் வெங்காயத்தாமரை நிலைப்பதில்லை. உப்பு அதன் எதிரி. மழைவெள்ளம் உள்நாட்டு ஏரிகளிலிருந்து அடித்துவரும் களைத்திரள் கழிமுகத்தில் கருகிக் கரையொதுங்குகிறது. தாமரையோடு கடல்முன் நின்ற புண்டரீகரின் கதையில் நாம் கண்ட எல்லை இதுவே.

ஆனால் உப்பு செடியைக் கொல்வதால் சத்து மறைந்துவிடாது. கடல்நீரிலுள்ள சல்பேட், உயிர்வளியற்ற சேற்றில் சல்பைடாக மாறி இரும்பைப் பற்றிக்கொள்கிறது. இரும்பை இழந்த மணிச்சத்து கட்டின்றி நீரில் கலக்கிறது. ஆகவே ஒரே அளவு சத்துள்ள சேறு, நன்னீர் ஏரியைவிட உவர்நீர்க் கழியில் எளிதாகத் தன் மணிச்சத்தை இழக்கும். களைக்கு மாறாக அங்குப் பாசி பெருகும். உள்நாட்டில் வாராமல் விட்ட வண்டலின் விளைவு கடற்கரையில் வேறு வடிவில் வெளிப்படுகிறது. ஏரியும் கழியும் வேறு துறைகளின் பொறுப்பில் இருப்பினும், சத்து அந்த எல்லையை அறியாது.

10. வாரிய மண் எங்கே செல்கிறது?

2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரிலேயே நீர்நிலைச் சீரமைப்பைத் தொடங்கியது. ஏரி வண்டலை உழவரும் மண்பாண்டத் தொழிலாளரும் கட்டணமின்றி எடுக்க அதே ஆண்டு வழி செய்யப்பட்டது. அண்மை ஆண்டுகளில் மதுராந்தகம், கொளவாய் ஆகிய ஏரிகளில் பெரும் பொருட்செலவில் தூர் வாரும் பணி நடந்தது. நூறாண்டுக்கு மேற்பட்ட மறதிக்குப் பின் வண்டல் மீண்டும் கவனம் பெற்றது வரவேற்கத்தக்கது.

எனினும் அளவுகோல் இன்னும் கன மீட்டரே. எத்தனை மண் அகற்றப்பட்டது என்பது பதிவாகிறது. எந்த அடுக்கு, எந்த இடத்துக்குச் சென்றது என்பதும் அதே முதன்மையுடன் கேட்கப்படவேண்டும். நுண்வண்டலான மேலடுக்கே சத்துக்கிடங்கு, அதுவே வயலுக்குரியது. அதனைத் தாண்டி ஆழமாகத் தோண்டும்போது சத்துக் குறைந்த சவுடும் நீர்காக்கும் களிமண் படுகையும் வெளிப்படுகின்றன. சவுடு சாலைக்கும் மனைக்கும் விலைபோகும் பொருள். மேலடுக்கு கரையோரம் குவிக்கப்பட்டு மழையில் மீண்டும் ஏரிக்குள் கரைய, கீழடுக்கு லாரியில் வெளியேறுமானால், ஏரி ஆழமாகும். ஆனால் களை குறையாது. களிமண் படுகை குத்துப்பட்டால் நீரும் தங்காது. நகர்க்கழிவு கலந்த ஏரியின் வண்டலை வயலுக்குக் கொண்டுசெல்லும் முன் உலோக நச்சுகளுக்காகச் சோதிப்பதும் இன்றியமையாதது. முன்னோர் எதிர்கொள்ளாத இடர் இது.

11. முடிவுரை

இவ்வாய்வால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, செங்கல்பட்டுப் பகுதியின் பழைய ஏரிப் பராமரிப்பு, கோடை வற்றல், மண் வாருதல், வண்டல் அடித்தல் ஆகியவற்றின் கூட்டால் ஏரியின் சத்தை ஆண்டுதோறும் வெளியேற்றியது. வேரூன்றிய நீர்த்தாவரங்கள் அளவோடு வாழ்ந்தமைக்கு அது துணைபுரிந்தது. இரண்டாவது, காலனியாட்சியின் வருவாய்க் கணக்கும் பொறியியல் கணக்கும் வண்டலை மதிப்பற்றதாக்கின. அதன்பின் வந்த உரமும் கழிவுநீரும் சத்தைப் பெருக்கின. அயற்களை அதனைப் பயன்கொண்டது. மூன்றாவது, களையைக் கட்டுப்படுத்தும் முயற்சிகள் செடியை மட்டும் நோக்கும்வரை அவை ஆண்டுச் செலவாகவே நீடிக்கும்.

கழிவுநீர் வரத்தைத் தடுத்தல், களையை வாரி ஏரியின் நீர்ப்பிடிப்புக்கு அப்பால் எருவாக்குதல், மேல்வண்டலைச் சோதித்து வயலுக்கு அனுப்புதல், கலங்கலும் மதகும் இடந்தரும் ஏரிகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் தரை காயவிடுதல் ஆகிய நான்கும் ஒன்றாக நடைபெறவேண்டும். இவற்றைச் செய்யும் உழைப்புக்கு உரிய கூலியும், முடிவெடுக்கும் அவையில் உழைப்போருக்கு இடமும் வேண்டும். உத்திரமேரூர் வாரியம் வழங்காதது அது. தூர் வாரப்பட்ட ஏரிகளில் பணிக்கு முன்னும் பின்னும் வண்டலின் மணிச்சத்தை அளந்து, நீர்த்தாவர மாற்றத்தோடு ஒப்பிடும் களஆய்வு இக்கருதுகோளைச் சோதிக்கும் அடுத்த படி. செங்கழுநீர் மீண்டும் மலருமா என்பது ஏரிப்பரப்பில் தீர்மானமாவதன்று. அதன் அடியிலுள்ள ஒரு சாண் சேற்றில் தீர்மானமாவது.